தனியே வேலை செய்பவருக்கு எது காவல்: அழைப்பா, கருவியா, ஆளா?

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறையிலோ ஜூரோங் தீவின் பம்ப் அறையிலோ இரவில் ஒருவரைத் தனியே நிறுத்தும்போது, அவரது பாதுகாப்புக்கு மூன்று வழிகள் உண்டு: குறித்த நேரத்துக்கு ஒருமுறை தொலைபேசி அழைப்பு, உடலில் அணியும் எச்சரிக்கைக் கருவி, அருகிலேயே இன்னோர் ஆள். இவற்றை விலையை வைத்து ஒப்பிடுகிறார்கள். விழுந்தவரிடம் உதவி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்பதை வைத்து ஒப்பிடுவதே முறை.

செலவு குறைந்தது அழைப்புதான். ஆனால் அரை மணிக்கொரு முறை அழைக்கும் ஏற்பாட்டில், பேசி முடித்த மறுநிமிடமே மயங்கியவரைப் பற்றி ஏறக்குறைய அரை மணி நேரம் யாருக்கும் தெரியாது. ஆக்சிஜன் இல்லாமல் மூளையோ சில நிமிடங்களே தாங்கும். எரிவாயுவோ உயரமோ மின்சாரமோ சம்பந்தப்படாத காவல் பணிக்கு வேண்டுமானால் இது போதும்.

அணியும் கருவி, ஆள் அசைவின்றிக் கிடந்தால் முதலில் அவரையே ஒலியெழுப்பி எச்சரித்து, பதில் வராவிட்டால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் அனுப்பும். நிலைகுலைந்த ஒரு தமிழ்த் தொழிலாளி நள்ளிரவில் தடுமாறும் ஆங்கிலத்தில் இடத்தை விளக்க வேண்டியதில்லை என்பது, விளம்பரங்கள் சொல்லாத, ஆனால் நான் பெரிதும் மதிக்கும் நன்மை. குறைகளும் சிறியவையல்ல. இரும்புத் தொட்டிக்குள்ளும் நிலத்தடியிலும் சிக்னல் கிடைப்பதில்லை. ஜிபிஎஸ் எந்த மாடி என்று தெளிவாகச் சொல்லாது. பொய் எச்சரிக்கை மிகுந்தால் அணிபவரே எரிச்சலில் அணைத்துவிடுவார். ஆகவே வாங்குமுன், வேலை நடக்கும் அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சோதிக்க வேண்டும்.

தொட்டி, சாக்கடைக் குழி போன்ற மூடிய இடங்களில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. சிங்கப்பூரின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் அங்கே வெளியில் ஒரு கண்காணிப்பாளரைக் கட்டாயமாக்குகின்றன. ஆக்சிஜன் அளவும் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மூக்கை நம்புவதும் வீண்: அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு, காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். அந்தக் கண்காணிப்பாளர் பதறி உள்ளே குதிப்பவராகவும் இருக்கக் கூடாது. இத்தகைய இடங்களில் இறந்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 1986இல் எச்சரித்தது. கண்காணிப்பாளர் அவசர உதவி எண்ணான 995ஐ அழைத்து, மீட்புக் குழு வரும்வரை வெளியிலேயே நிற்க வேண்டும். அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் இரவில் கிடைக்காவிட்டால், கருவியைக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காமல், வேலையைப் பகல் ஷிப்டுக்குத் தள்ளிவைக்க வேண்டும்.