கோவில்பட்டியில் சிஸ்டம், சென்னையில் நான்: ஐந்து வருட ரிமோட் டெஸ்க்டாப் அனுபவம்

கோவில்பட்டியில் அப்பாவுக்குப் பெயின்ட், ஹார்டுவேர் கடை. நான் வேலை பார்ப்பது சென்னையில். கடைக் கணக்கு முழுவதும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிஸ்டத்தில் (கம்ப்யூட்டரில்), டாலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. பகலில் அப்பாவும் கடைத் தம்பியும் பில் போடுவார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நான் இங்கிருந்து, அந்தத் திரையை இன்டர்நெட் வழியாக என் சிஸ்டத்தில் திறந்து (இதைத்தான் ரிமோட் டெஸ்க்டாப் என்கிறார்கள்) உள்ளே போய், கொள்முதல் பில்களை ஏற்றி, பேங்க் வரவைச் சரிபார்த்து, ஜிஎஸ்டிக்குத் தயார் செய்வேன். 2020 ஆகஸ்டிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது.

இணைப்பு கிடைக்காமல் போன ராத்திரிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்ட நாள்களில் இன்டர்நெட்டில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கடைக்குள்ளேயே, பல தடவை மேசைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. இது தெரியாமல் முதல் வருடம் முழுக்க ரவுட்டரையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

தொடக்கமே தடங்கல். கடை சிஸ்டத்தில் இருந்தது விண்டோஸ் 10 ஹோம். அதிலிருந்து வேறு சிஸ்டத்துக்குள் போகலாம், அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் யாரும் வர முடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். காசு கொடுத்து ப்ரோவுக்கு மாற்றினேன். அப்புறம் ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலை, ஃபார்வர்டு செய்தேன்: வெளியே இருந்து அங்கே வரும் அழைப்பைக் கடை சிஸ்டத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. இணைப்பு வரவில்லை. ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், போர்ட்டை மாற்றிப் பார்த்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

கடைசியில் விஷயம் பிடிபட்டது ஒரு எண்ணில். ரவுட்டர் பக்கத்துக்குள் போய் அதன் வெளி ஐபி முகவரியை (இன்டர்நெட்டில் அதை அடையாளம் காட்டும் எண்) பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. அதே சிஸ்டத்தில் பிரவுசரைத் திறந்து என் ஐபி என்ன என்று தேடினால் முற்றிலும் வேறு எண். இரண்டும் வேறு வேறு என்றால், நடுவில் இன்டர்நெட் கம்பெனியின் பெரிய ரவுட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். இந்தப் பங்கீட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களை 2012இல் ஒதுக்கினார்கள். தெருவுக்கே ஒரு கதவு எண் மாதிரி. வெளியே இருந்து வரும் அழைப்பு தெருமுனை வரை வரும், எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அங்கேயே விழுந்துவிடும். நம் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை என்று யாராவது கேட்டால், முதலில் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடச் சொல்கிறேன். இரண்டு நிமிட வேலை.

மாதக் கட்டணம் கூடுதலாகக் கட்டி, பங்கு போடாமல் எங்களுக்கென்றே இருக்கும் நிலையான ஐபி வாங்கினேன். அன்றைக்கே இணைப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, வேறு எதையோ தேடி விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்தபோது செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக இருந்தது. தோற்றுப்போன லாகின் முயற்சிக்கான எண் அது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட் என்று எங்கள் கடையில் இல்லாத பெயர்களை ராத்திரி பகலாக யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவின் முப்பது வருட வரவு செலவு அந்த ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. கை நடுங்கியது, உண்மையாகவே. பாஸ்வேர்டே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய வழிவிட்ட புளூகீப் ஓட்டை வெளியானது 2019 மே மாதம்தான். ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அப்போது மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது, அவ்வளவு தீவிரமான ஓட்டை. அன்றைக்கே போர்ட்டை மூடினேன். போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தட்டுவது கொஞ்சம் குறையும், நிற்காது. 3389ஐ நேராக வெளியே திறந்து வைக்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன்.

நடுவில் ஒன்றரை வருடம் ஒரு இலவசத் திரைப் பகிர்வு ஆப் ஓடியது. வசதிதான். ஆனால் கடைக் கணக்கைப் பார்க்கும்போது வணிகப் பயன்பாடு என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் துண்டித்துவிடும்.

2022இலிருந்து டெயில்ஸ்கேல். வயர்கார்டு என்ற முறையில் இயங்கும் விபிஎன் இது, அதாவது தூரத்துச் சிஸ்டங்களை ஒரே தனி நெட்வொர்க்கில் இருப்பதுபோல் பாதுகாப்பாக இணைக்கும் வழி. இரண்டு சிஸ்டமும் உள்ளேயிருந்து வெளியே போய் நடுவழியில் சந்திப்பதால் போர்ட் திறக்க வேண்டாம், நிலையான ஐபியும் வேண்டாம். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கொடுக்கும். என்னை மூன்று வாரம் அலைக்கழித்த அதே ஒதுக்கீட்டு எண்கள்தான். இப்போது ரிமோட் டெஸ்க்டாப்பில் தினமும் அதைத்தான் தட்டுகிறேன். இரண்டு பக்கமும் நேராகச் சந்திக்க முடியாத நாளில் டெர்ப் என்ற இடைநிலை சர்வர் வழியாகப் போகும், அப்போது டாலியில் எழுத்து ஒரு மூச்சு தாமதித்து விழும். டெயில்ஸ்கேல் பிங் கட்டளை கொடுத்தால் நேர்வழியா, டெர்ப்பா என்று சொல்லிவிடும். அந்த மாதிரி நாளில் வால்பேப்பரை எடுத்துவிட்டு, நிறத் தரத்தைக் குறைத்தால் வேலை ஓடும். ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்: டெயில்ஸ்கேலுக்குள் நுழைய ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இருக்கும் சாவிக்கு 180 நாள் காலாவதி இருக்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ஆளில்லாத இடத்தில் இருக்கும் சிஸ்டத்துக்கு அந்தக் காலாவதியை நிறுத்தி வைக்கவில்லை என்றால், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கதவு சாத்திக்கொள்ளும்.

2023 நவம்பர் 10 ராத்திரியை மறக்க முடியாது. தீபாவளிக்கு இரண்டு நாள், மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குக்குக் கடைசி நாள். டெயில்ஸ்கேல் பட்டியலில் கடை சிஸ்டம் ஆஃப்லைன். கடையில் கூட்டம் அப்போதுதான் வடிந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, ரவுட்டர்ல என்ன லைட்டு எரியுது?”

“பச்சையா நாலு எரியுதுய்யா.”

“சிவப்பா ஏதும் மின்னுதா?”

“சிவப்பு ஒண்ணும் இல்ல.”

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அது இல்லை என்றால் லைன் சரி.

“டிவி மாதிரி இருக்கது இல்லப்பா, மேசைக்குக் கீழ ஒரு பெட்டி இருக்குல்ல, அது ஓடுதா?”

ஸ்டூலை நகர்த்தும் சத்தம். குனிந்து எழும்போது அப்பா விடும் மூச்சு. “இருட்டாக் கிடக்குய்யா. சாயங்காலம் கரண்டு போயி வந்துச்சு. பெறவு தம்பி பில்லு கையாலதான் எழுதுனான்.”

ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருந்ததால் உயிரோடு இருந்தது. சிஸ்டத்தின் யுபிஎஸ் பேட்டரி மூன்று வருடப் பழசு, கரண்ட் போன நொடியே கைவிட்டிருக்கிறது. கரண்ட் திரும்பி வந்தும் சிஸ்டம் தானாக எழவில்லை. அப்பா பட்டனை அமுக்கினார். இரண்டு நிமிடத்தில் பட்டியலில் பச்சைப் புள்ளி வந்தது. கையால் எழுதிய பில்களை தம்பி போனில் படமெடுத்து அனுப்ப, ஏற்றி முடிக்க மணி ஒன்றரை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனதும் பேட்டரி மாற்றினேன். சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக எழும்படி, ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பதை ‘பவர் ஆன்’ ஆக்கினேன் (சில போர்டுகளில் பெயர் கொஞ்சம் மாறும்). விண்டோஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்தேன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தினேன். ரவுட்டருக்குப் பக்கத்தில், அதே இன்வெர்ட்டரில், என்னிடம் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டினேன். அணைந்து கிடக்கும் சிஸ்டத்தை எழுப்ப அதே நெட்வொர்க்குக்குள் விழித்திருக்கும் ஒரு ஆள் வேண்டும், அதுதான் இது. சென்னையிலிருந்து அந்த ராஸ்பெரி பைக்குள் போய் ஒரு கட்டளை கொடுத்தால், 102 பைட் உள்ள ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பும். முதலில் ஆறு பைட் எஃப்எஃப் (பைட்டின் உச்ச மதிப்பு), பிறகு சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டுக்கான அடையாள எண்ணான மேக் முகவரி பதினாறு தடவை. நெட்வொர்க் கார்டு அதைப் பார்த்துச் சிஸ்டத்தை எழுப்பிவிடும். வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போட்டிருக்கிறேன். அந்தத் தீபாவளிக்குப் பிறகு பட்டனை அமுக்கச் சொல்லி அப்பாவை ராத்திரியில் எழுப்பியது இரண்டே தடவை.

சிஸ்டம் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு விவகாரம். ஒரு தடவை அப்பா விண்டோஸ் கேட்டபடி நாலு எண்ணில் ‘பின்’ நம்பர் வைத்துவிட்டார். நானும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். ரிமோட் டெஸ்க்டாப் ‘பின்’ நம்பரை ஏற்காது, முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். இப்போது எனக்கென்று நீளமான பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு உண்டு.

இன்னொன்று. நான் உள்ளே போனால் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் ஒரு ஆள்தான். ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் நுழைந்துவிட்டேன். பில்லுக்காக வாடிக்கையாளர் காத்து நிற்க, அப்பா முன்னால் பூட்டின திரை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இப்போது பகலில் போன் செய்யாமல் போவதில்லை. அப்பாவுக்கு எதையாவது காட்டித்தர வேண்டுமென்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கலாம், அம்புக்குறியை நகர்த்திக் காட்டலாம். டெயில்ஸ்கேல் மக்கர் செய்தால் மாற்றுவழியும் அதுவே. அதில் ஒரு எண் கேட்கும். என் குரல் கேட்காமல் அந்த எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இப்படித் திரைக்குள் நுழைந்து பணத்தை எடுத்தவர்கள் பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் ஒரு வருடப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். பழைய பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்காது, அதனால் புது சிஸ்டம் வாங்கியாக வேண்டும். அதைச் சென்னையிலேயே வாங்கி, பயாஸ், ஸ்லீப், டெயில்ஸ்கேல் சாவி எல்லாவற்றையும் இங்கேயே சரி செய்து, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகி, தானாக எழுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஊருக்குக் கொண்டுபோவேன்.