பி.இ. படிக்கும் தம்பிக்கு வாங்கிய பழைய லேப்டாப்: மூன்றாம் வருடத்தில் எப்படி இருக்கிறது?

தம்பி பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறான். அவன் கையில் இருக்கும் லேப்டாப் 2023-ல் அட்மிஷன் முடிந்த கையோடு வாங்கியது. புதுசு இல்லை. பெங்களூரில் ஏதோ ஒரு ஐடி கம்பெனி நாலைந்து வருடம் உழைக்க வைத்துவிட்டு மொத்தமாகக் கழித்துக்கட்டிய சரக்கு. விலை 22,000 ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெருவில் யாராவது வந்து "அது எப்படி இருக்கு, பழசு வாங்கலாமா?" என்று கேட்பது வருஷா வருஷம் நடக்கிறது. வாங்கலாம். ஆனால் 22,000-த்தோடு கணக்கு முடியவில்லை, அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

புதுசு ஏன் வாங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு 25,000-க்குள் கடையில் காட்டிய புது லேப்டாப் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாதி: இன்டெலின் மலிவு வகையான செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், ஃபைல்களை வைக்க 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி ஸ்டோரேஜும்தான். அதாவது பெட்டியைப் பிரிக்கும்போதே மெஷின் மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கும். அதற்குமேல் ஒரு பெரிய அப்டேட் வந்தால் இடம் இல்லை என்று நிற்கும். சரி, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. இஎம்எம்சி மதர்போர்டிலேயே வைத்து ஒட்டியது, பல மாடல்களில் ரேமும் அப்படித்தான். அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பழசு எதுக்கும்மா, சீல் பிரிக்காத பெட்டியா வாங்கிக் குடு. ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். அங்கே தூசியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அடிபட்டுக்கொண்டே ஓடும் ஆபீஸ் லேப்டாப்புகளைத் தினமும் பார்ப்பதால் எனக்கு அந்தப் பயம் வரவில்லை.

கம்பெனிகளுக்கென்றே தயாராகும் வரிசைகள் தனியாக உண்டு. லெனோவோவில் திங்க்பேட், டெல்லில் லேட்டிட்யூட், எச்பியில் எலைட்புக். புதுசாக வாங்கினால் மிடில் கிளாஸ் வீட்டுக்குக் கட்டுப்படியாகாத விலை. கழித்துக்கட்டும்போது பாதிக்கும் கீழே வந்துவிடும். எங்களுடையது இந்த மூன்றில் எது என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. செகண்ட் ஹேண்டில் பிராண்டைவிட, உங்கள் கையில் வருகிற அந்த ஒரு மெஷின் முன்பு யாரிடம், எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். பெயரைச் சொன்னால் அதையே தேடிப் போய், எதையும் பார்க்காமல் வாங்கி வந்துவிடுவார்கள்.

பார்க்கவேண்டிய முதல் விஷயம் ஜெனரேஷன், அதாவது பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்பது. நாங்கள் எடுத்தது இன்டெல் 8-ம் ஜென் ஐ5. இதே வரிசையில் 7-ம் ஜென் ஐ5-க்கு 2 கோர்தான் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 8-ல் அது 4 ஆனது. இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பது, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெலில் 8-ம் ஜென்னிலிருந்துதான். தம்பியோடு படிக்கும் பையன் ஒருவன் 4,000 ரூபாய் குறைகிறதே என்று 6-ம் ஜென் எடுத்தான். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததும் அவன் பாடு திண்டாட்டம் ஆகிவிட்டது. இப்போது விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் போட்டு ஓட்டுகிறான். கோடிங்குக்குப் பிரச்சினை இல்லை. கல்லூரியில் வேர்டு ஃபைலாகக் கேட்கும் ரெக்கார்டுகளுக்கு மட்டும் பக்கத்துப் பெஞ்சு.

வாங்கியது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டில். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் விற்கும் கடைகளில் பலருக்கு அங்கிருந்துதான் சரக்கு வருகிறது. ஓசூரில் வேலை பார்ப்பதால் நேரே போய்விட்டேன். இங்கேதான் பொறுமை வேண்டும். போச்சம்பள்ளி சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் யாரும் கயிறு மாற்றுவதில்லை, லேப்டாப்பையும் அப்படித்தான் திறந்து பார்க்கவேண்டும். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயையும் அடித்துப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளையாக்கி மங்கல் திட்டு ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன். யுஎஸ்பி ஓட்டை ஒவ்வொன்றிலும் பென்டிரைவைச் செருகினேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு கட்டளை கொடுத்தால் விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் தரும். அதில் பேட்டரி தயாரானபோது இருந்த கொள்ளளவும் இன்றைக்கு நிற்கும் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். எங்களுடையதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலே இருந்தது. கடைக்காரர் முகத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது, இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனி லேப்டாப்புகள் சிலவற்றில் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். அது இருந்தால் தொடவே வேண்டாம். அதையும் தாண்டி, சில கம்பெனிகள் மெஷினின் அடையாளத்தையே மைக்ரோசாஃப்ட் சர்வரில் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருக்கும். கழித்துக்கட்டும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிட்டால், நீங்கள் எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும், இன்டர்நெட் கிடைத்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். நம்மாலோ கடைக்காரராலோ அதை எடுக்க முடியாது. கடையில் நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. அதனால் கடையிலேயே ரீசெட் போடச் சொல்லி, நம் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, லாகின் பக்கம் சாதாரணமாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அரைமணி நேரம் ஆகும். "என்னம்மா, நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருங்கள். பில்லில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் சத்தமே இல்லாமல் போயிற்று. பைத்தான், சி எல்லாம் இந்த மெஷினுக்குத் தூசு. இரண்டாம் வருடம், போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வந்ததும்தான் மூச்சு முட்டியது. பிரவுசரும் அதுவும், திரையிலேயே ஒரு போனை ஓட்டிக் காட்டும் எமுலேட்டரும் சேர்ந்து திறந்தால் 8 ஜிபி ரேம் போதவில்லை. பின்பக்க மூடியைக் கழற்றினால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. 1,700 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டோம். புது மலிவு லேப்டாப்பில் இந்த வேலை நடக்காது, 22,000-த்தைக் கொடுத்தது இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியதும் அப்போதுதான். ஒரு விஷயம்: 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்பெல்லாம் போய்விடுவதால் வந்த வினை. எனவே இன்றைக்கு வாங்குபவர்கள் "பிறகு கூட்டிக்கொள்ளலாம்" என்று விடாமல், தொடக்கத்திலேயே 16 ஜிபி இருக்கிற மெஷினாகப் பார்ப்பது நல்லது.

அப்புறம் பேட்டரி கதை. ஒருநாள் தம்பி போனில், "அக்கா, டச்பேடு கிளிக் ஆக மாட்டேங்குது, மவுஸ் வாங்கிக்கட்டுமா?" என்றான். வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். லேப்டாப்பின் ஒரு மூலை லேசாக ஆடியது. டச்பேடின் கீழ் விளிம்பு ஒரு நூல் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் கிளிக் சத்தம் வராமல் மெத்தென்று இருந்தது. "இது மவுஸ் பிரச்சினை இல்லடா, உடனே ஆஃப் பண்ணு" என்றேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் தெரிந்த டெக்னீஷியன் அண்ணனிடம் கொண்டுபோனோம். மூடியைத் திறந்ததும் தெரிந்தது, டச்பேடுக்கு நேர் கீழே இருந்த பேட்டரி உப்பிப் போயிருந்தது. லித்தியம் பேட்டரி வயதானால் உள்ளே வாயு சேர்ந்து இப்படி உப்பும். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். டச்பேடு இறுகுவதும் மூடி சரியாக மூடாததும்தான் இதற்கு முதல் அறிகுறி. அந்த அண்ணன் உலோக ஸ்க்ரூடிரைவரைத் தள்ளி வைத்துவிட்டு பிளாஸ்டிக் துண்டால் மெல்ல நெம்பி எடுத்தார். புதுசு 3,200 ரூபாய். இதைவிட 1,500 ரூபாய் குறைவாக ஒன்றைக் காட்டினார், அவரே வேண்டாம் என்றும் சொன்னார். இப்போது நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் மட்டும் அது பத்தாது.

அதே கையோடு ஃபேனையும் பார்க்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிரானைட் பாலிஷ் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் மாவுத்தூள் ஃபேன் காற்றை வெளியே தள்ளும் தகடுகளின் இடுக்கில் வெள்ளையாக அப்பியிருந்தது. பிராசஸர்மேல் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சித்திரை வெயிலில் மெஷின் ஏன் அப்படித் திணறியது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற 400 ரூபாய். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. கட்டிலில் போர்வைமேல் வைத்து ஓட்டாதே என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மற்றவை சுருக்கமாக. கீபோர்டு அருமை, இன்றைக்கும் ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஸ்பீக்கர் சுமார். கேமரா படு சுமார், ஆன்லைன் இன்டர்வியூவுக்கு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தால் தேறும். திரை மங்கல், மொட்டை மாடியில் வைத்துப் படிக்க முடியாது. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி பர்கூர் போகிறவனுக்கு, அதுவும் நின்றுகொண்டே போகும் நாட்களில், தோள் வலிக்கத்தான் செய்யும். டைப்-சி சார்ஜிங் இருப்பதால் சார்ஜரை மறந்துபோன நாளில் நண்பர்களின் 65 வாட் சார்ஜர் உதவுகிறது.

ஆக மொத்தம் 27,300 ரூபாய் ஆகியிருக்கிறது. இன்னும் பத்தாயிரம் போட்டிருந்தால் அன்றைக்கே புது 12-ம் ஜென் ஐ3 கிடைத்திருக்கும். வேகத்தில் அது இதை முந்தும், வாரண்டியும் இருக்கும். பத்தாயிரம் கையில் இருப்பவர்கள் அதையே வாங்கலாம், ரேம் ஸ்லாட் இருக்கிற மாடலாக. எங்களிடம் அன்றைக்கு இல்லை. மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு இந்தப் பழைய மெஷினை நான் சொல்லமாட்டேன், அவர்கள் டிசைன் வரையும் சாலிட்ஒர்க்ஸும் ரெவிட்டும் இதில் அழுதுவிடும். பி.காம். படித்து டேலி போடுபவர்களுக்கு இதுவே அதிகம். தம்பி மெஷின் லேர்னிங் பயிற்சிகளைக் கூகுளின் கம்ப்யூட்டர்களிலேயே ஓடும் கோலாபில் இலவசமாக ஓட்டிக்கொள்கிறான், அந்தப் பாரம் இந்த மெஷின்மேல் விழுவதில்லை. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அது கைக்கு வரும் வாய்ப்பு இருக்கிற வீடுகளில் அவசரப்பட்டுக் கடன் வாங்க வேண்டாம்.

சித்தி பெண் வருகிற ஜூனில் தர்மபுரியில் பி.சி.ஏ. சேரப்போகிறாள். அவளுக்கு 8-ம் ஜென் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அதற்கு வயதாகிவிட்டது. கம்பெனிகள் இப்போது கழிக்க ஆரம்பித்திருக்கும் 11-ம் ஜென் ஐ5, 16 ஜிபி ரேம் இருப்பதாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் எஸ்.பி. ரோடு போவதாகத் திட்டம். அவளிடம், வரும்போது டேட்டா தீராத போனாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன், ஹாட்ஸ்பாட்டுக்கு.