இடுப்புயர மக்காச்சோளத்தின் தலையில் களைக்கொல்லி அடிக்க விடாதீர்கள்

மக்காச்சோளம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். பயிர் இடுப்பளவு வந்த பிறகு, "ஒரே அடியில் களை சுருண்டுவிடும், பயிருக்கு ஒன்றும் ஆகாது" என்று உறுதி கொடுத்துத்தான் என் வயலில் தெளித்தார்கள். களை இன்னும் நிற்கிறது. சோளம்தான் போய்விட்டது.

தொடர் மழையில் முதல் களையெடுப்பு தள்ளிப்போனது. புல்லும் அகன்ற இலைக் களையும் சேர்ந்து ஏறிவிட்டன. தெளிப்பு வேலையை ஒப்பந்தமாகச் செய்பவர் வந்தார். களை எவ்வளவு உயரம் என்று கேட்டார். பயிருக்கு எத்தனை இலை என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு "நம்ம கலவை" என்றார். புட்டியைக் காட்டவே இல்லை. வேலை முடிந்தபின் வரப்போரம் கிடந்த காலிப் புட்டிகளைப் பார்த்துத்தான் தெரிந்தது: 2,4-டி, நிக்கோசல்பியூரான் என்ற இரண்டு களைக்கொல்லிகள், கூடவே மருந்தை இலையில் ஒட்ட வைக்கும் எண்ணெய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பயிரின் குருத்துக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்.

இரண்டு களைக்கொல்லிகளும் மக்காச்சோளத்தில் பயன்படுத்தும் மருந்துகள்தான். கேடு வந்தது பருவம் தப்பியதால். 2,4-டி வளர்ந்த பயிரின் மேல் விழுந்தால் தண்டு கொஞ்ச காலம் உடையும் பதத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் சாதாரணக் காற்றடித்தாலே கணுவில் முறியும். முறியாமல் நின்றவற்றில் தாங்கு வேர்கள் பிரிந்து மண்ணில் இறங்காமல், சப்பையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்புறம் கதிரை உரித்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அடியில் மணி வரிசைகள் சரியாக இருக்கின்றன, மேலே போகப்போகச் சட்டென்று வரிசை குறைந்து கதிர் இடுங்கிவிட்டது. கதிரில் எத்தனை வரிசை என்பது ஏறக்குறைய ஏழெட்டு இலைப் பருவத்தில் முடிவாகிறது. நிக்கோசல்பியூரான் வகை மருந்து அந்தச் சமயத்தில் குருத்தில் தேங்கினால் இளங்கதிரின் செல் பிரிவது தடைபட்டு இப்படி ஆகும்.

கேட்டால் "காற்றடிச்சதுக்கு நான் என்னங்க பண்றது" என்கிறார். காற்று தண்டை முறிக்கும், சரி. வரிசையைக் குறைக்குமா?

எனக்கு அதிகக் கோபம் வேறொன்றில். மக்காச்சோளத்தில் களை விளைச்சலைத் தின்பது பெரும்பாலும் முளைத்து மூன்றாவது வாரத்திலிருந்து ஆறேழு வாரம் வரை. அதற்குள் எடுக்காத களையால் போனது போனதுதான். பிறகு களை முழுவதும் செத்தாலும் அது திரும்பாது. அதன் பிறகு களையை ஒழிப்பதால் அறுவடை எளிதாகும், விதை மண்ணில் கொட்டாது, அவ்வளவுதான். அதற்காகக் கதிரைப் பணயம் வைக்கச் சொல்வதை ஆலோசனை என்று ஏற்க முடியாது. முற்றிய களையும் இந்த மருந்துகளுக்கு முழுதாகச் சாகாது. நுனி சுருண்டு, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். என் வயலில் இப்போது அதுதான் நடக்கிறது.

யாரை அழைத்தாலும் முதலில் மூடி திறக்காத புட்டியை வாங்கி, லேபிளில் பயிரின் உயரம் அல்லது இலை எண்ணிக்கை வரம்பைப் பாருங்கள். இலை எண்ணும்போது, தண்டோடு சேரும் இடத்தில் வெளிர் வளையம் தெரியும் இலைகளை மட்டும் எண்ணுங்கள். வரம்பு தாண்டியிருந்தால் பயிரின் மேல் தெளிக்கவே கூடாது. உயர்ந்த களையை விதை முற்றுமுன் கையால் அறுத்து வெளியே போடலாம். வரிசை நடுவில் தெளித்தே ஆக வேண்டுமென்றால், லேபிள் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பார்த்து, நாசிலுக்கு மூடி மாட்டித் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். இதே ஆள் அடுத்து பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்துத் தருவதாகச் சொன்னார், முகக்கவசம்கூட இல்லாமல். உள்ளே போனால் மாற்று மருந்தே இல்லாத விஷம் அது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

காலிப் புட்டிகளைத் தொகுதி எண் தெரியப் படம் எடுத்து, பையில் கட்டி, வீட்டுக்கு வெளியே பூட்டி வைத்திருக்கிறேன். இடுங்கிய கதிர்களையும் தேதி போட்டுப் படமெடுத்திருக்கிறேன். இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்ததற்கு அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.