ஜிம்மியின் பல் சிகிச்சையும் அதன் பின்னான மூன்று ஆண்டுகளும்

காட்பாடியில் எங்கள் வீட்டில் வளரும் பொமரேனியன் நாய் ஜிம்மிக்கு இப்போது 14 வயது ஆகிறது. அதற்கு 11 வயதானபோது ஏழு பற்களை எடுக்க வேண்டி வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதன் வாயில் நாற்றம் தொடங்கியிருந்தது. "வயசான நாய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா சொன்னதை நானும் ஒப்புக்கொண்டேன். பொறையை இடப்பக்கமாகவே சாய்த்துக் கடிப்பதையும், பாதியில் கீழே போட்டுவிட்டு மறுபடியும் எடுப்பதையும் அன்றாடம் கண்டும், அது வலியின் அடையாளம் என்று தோன்றவில்லை. நன்றாகச் சாப்பிடுகிற நாய்க்குப் பல்வலி இருக்காது என்பது என் எண்ணம். உண்மையில் நாய்கள் பல்வலியோடும் சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும்.

பிறகு வலது கண்ணுக்குக் கீழே வீக்கம் கண்டது. முதலில் பார்த்த மருத்துவர் வாயைத் திறந்து பார்க்காமலே கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். வாரத்தில் வடிந்த வீக்கம் அடுத்த மாதமே திரும்பியது. இப்படி மூன்று முறை. நான்கு மாதங்கள் வீணானதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இரண்டாவது மருத்துவர் உதட்டைத் தூக்கிக் காட்டியபோதுதான் பழுப்புக் கல்லாக மூடியிருந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்தேன். மேல் தாடையிலுள்ள அந்தப் பெரிய பல்லுக்கு மூன்று வேர்கள். அவை கண்ணுக்குக் கீழே வரை போவதால், வேரில் சீழ் கட்டினால் கண்ணடியில்தான் வீங்கும் என்று அவர் விளக்கினார்.

மயக்க மருந்து கொடுத்தால் வயதான நாய் தாங்காது என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். மயக்கமே கொடுக்காமல் கல்லைச் சுரண்டித் தருவதாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சுரண்டினால் பல் வெள்ளையாகுமே தவிர, ஈறுக்கு அடியில் உள்ள நோய் அப்படியே இருக்கும். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, பல் எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளி, சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, கத்திரி வெயிலுக்கு அஞ்சி விடியற்காலை நான்கு மணிக்கே, வெறும் வயிற்றோடு அதைக் காரில் கொண்டு சென்றோம். அங்கே ஏழு பற்களையும் எடுத்த பிறகு, அன்று மாலையே தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்றது. பத்து நாள் குழைந்த சோறும் கோழிச் சாறும் கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் பழையபடி வாசலுக்கு ஓடிப் பால்காரரைக் குரைத்தது.

அன்றிலிருந்து இரவுதோறும் பல் துலக்குகிறேன். பல்லில் படியும் படலம் இரண்டு மூன்று நாளிலேயே கல்லாக இறுகத் தொடங்குவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் துலக்குவதில் பயனில்லை. முதல் மாதம் விரலில் காஸ் துணியைச் சுற்றி, கோழிச் சாற்றில் நனைத்துத் தேய்த்தேன்; விளக்கெண்ணெய்க்கு அழும் குழந்தைபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறினேன். பற்களின் வெளிப்பக்கம் துலக்கினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். நாம் துலக்கும் பேஸ்ட் கூடாது: நாய் துப்பாது, ஃப்ளோரைடை விழுங்கிவிடும், சிலவற்றில் சேரும் சைலிட்டால் நாயின் சர்க்கரை அளவைத் திடீரென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்கென்று விற்கும் பேஸ்ட்டைத்தான் வாங்குகிறேன். ஆட்டெலும்பை அடியோடு நிறுத்திவிட்டோம். எலும்பு பல்லைச் சுத்தம் செய்யும் என்பார்கள். அதே கடைவாய்ப் பல்லைப் பிளப்பதும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. சென்ற மாத ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடியிருந்ததால், வலி மாத்திரைகளை இனி மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க முடியாது. கீழ் வரிசையில் முன்பல் ஒன்று ஆடுகிறது. அதை எடுப்பதா விடுவதா என்று தை மாதம் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை அந்தப் பல்லை விட்டு, சுற்றிலும் மட்டும் துலக்குகிறேன்.