மெழுகில் வரலாறு பார்க்க: லண்டனா, பாரீஸா?

தலைவர்களையும் வரலாற்று மனிதர்களையும் மெழுகுச் சிலையாகப் பார்க்க ஐரோப்பாவில் இரண்டு பெயர்பெற்ற இடங்கள் உண்டு. லண்டனில் மேடம் துசாட்ஸ், பாரீஸில் 1882-ல் திறந்த கிரெவின். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, வரலாறுதான் முக்கியம் என்றால் பாரீஸுக்கே போங்கள் என்பேன்.

முதல் காரணம் மாரா. பிரெஞ்சுப் புரட்சியின் அனல் கக்கும் பத்திரிகையாளர். தோல் நோயால் தொட்டித் தண்ணீரில் அமர்ந்தபடியே வேலை பார்த்தவர். 1793 ஜூலை 13 அன்று ஷார்லோட் கோர்டே அவரைத் தேடி வந்து கத்தியால் குத்திக் கொன்றார். கிரெவினில் அந்த அறையையே காட்சியாக அமைத்திருக்கிறார்கள். ஷூ வடிவத்தில் இருக்கும் அந்தத் தொட்டி, மாரா உயிர்விட்ட அதே தொட்டிதான் என்கிறது மியூசியம். கொன்றவரும் செத்தவரும் ஒரே அறையில் இருப்பதால், என்ன நடந்தது என்பது பலகையைப் படிக்காமலே புரிகிறது.

லண்டனுக்கும் மாராவோடு தொடர்பு உண்டு. துசாட்ஸை நிறுவிய மரி துசாட் புரட்சியின்போது பாரீஸில் இருந்தவர்; மாராவின் பிணத்தின் முகத்திலேயே அச்சு எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 1802-ல் தன் சிலைகளோடு பிரிட்டனுக்குப் போனவர் பிறகு பிரான்ஸ் திரும்பவே இல்லை. அந்த வகையில் துசாட்ஸின் வேர்தான் ஆழமானது. ஆனால் 1925 தீ விபத்திலும் 1940 குண்டுவீச்சிலும் பழையவை நிறைய அழிந்துபோயின. இன்று அங்கே சினிமா, விளையாட்டு நட்சத்திரங்களின் ராஜ்ஜியம். தலைவர்களின் தோளில் கை போட்டு போட்டோ எடுக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வேலைப்பாட்டில் துசாட்ஸுக்கே என் ஓட்டு. ஆளை நேரில் உட்காரவைத்து இருநூறுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுப்பார்கள். தலைமுடியை இழை இழையாக மெழுகில் குத்துவார்கள். காந்தி, மோடி சிலைகளைப் பார்க்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களுக்கும் லண்டன் சரி.

நடப்பு அரசியல் இரண்டையும் விடுவதில்லை. 2020 தேர்தலில் டிரம்ப் தோற்றதும் லண்டனில் அவர் சிலைக்கு கோல்ஃப் உடை மாட்டினார்கள். உக்ரைன் போர் தொடங்கியதும் கிரெவின் புதின் சிலையை எடுத்துவிட்டது. 2025-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் அங்கிருந்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன் சிலையைத் தூக்கிப்போய் ரஷ்யத் தூதரகத்தின் முன்னால் வைத்துப் போராடினார்கள்.

கிரெவின் போனால் 1900 உலகக் கண்காட்சிக்காகச் செய்த கண்ணாடி மண்டபத்தையும் பாருங்கள். அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் விடக்கூடாது.