‘10 கிலோவோல்ட் ஐசொலேஷன்’ என்று விற்கிற கரண்ட் மீற்றர் போர்ட்: வாங்கவேண்டாம்

யானை வேலி, சோலார் பம்ப், மைக்ரோவேவ் திருத்தம் என்று உயர் வோல்டேஜில் கைவைக்கிற வன்னி ஆட்கள் எல்லோரும் இதை வாசியுங்கள். தெரிந்த ரிப்பேர்காரர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். வவுனியாவில் ஒரு கடையில் 18,500 ரூபா கொடுத்து நான் வாங்கிய, கரண்ட் அளக்கிற ஒரு போர்ட்டைப் பற்றியது. ஐசொலேஷன் என்றால் உயர் வோல்டேஜ் பக்கத்து மின்சாரம் நம் கைப் பக்கத்துக்குத் தாண்டி வராமல் பிரித்து வைப்பது. காசு போனது ஒரு பக்கம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி யாராவது அதை 5,000 வோல்ட்டில் மாட்டினால் ஆளுக்கே ஆபத்து. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு கமக்கார அமைப்பின் யானை வேலியை நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். மாரி தொடங்கினால் எப்போதும் ஒரே முறைப்பாடு. பகலில் வேலி நன்றாக அடிக்கும், இரவு மழை பெய்ததும் சோர்ந்துவிடும். யானைக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. கதிர் முற்றுகிற நேரத்தில் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் பெரும்போகம் போய்விடும். புல் கம்பியில் படர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். மயிரிழை போல வெடித்த இன்சுலேட்டர் தெரியாது, அளந்துதான் பிடிக்க வேண்டும். வேலிக்கு மின்துடிப்புக் கொடுக்கிற எனர்ஜைசர் ஓடும்போது அளப்பது சரிவராது. அது செக்கனுக்கு ஒரு துடிப்புக்கு மேல் கொடுக்காது, அந்தத் துடிப்பும் 10 மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். அதனால் அதைக் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓடும் 5 கிலோவோல்ட் டீசீ சப்ளையைக் கம்பிக்குக் கொடுத்து, கசிவை மைக்ரோ அம்பியரில் பார்ப்பேன்.

மீற்றரை எர்த் பக்கம் போட்டால் பயமில்லாமல் வாசிக்கலாம். ஆனால் வேலிக்குத் திரும்பி வரும் பாதை நிலம். எல்லாக் கம்பிகளின் கசிவும் மண்ணில் இறங்கி, ஒன்றாகக் கலந்துதான் எர்த் வயரில் ஏறும். மொத்தக் கணக்கு வரும், எந்தக் கம்பி என்று வராது. ஆகவே மீற்றர் கம்பியோடு தொடராக, உயர் வோல்டேஜ் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அங்கே மீற்றரே நிலத்துக்கு மேல் 5,000 வோல்ட்டில் நிற்கும். தூரத்தில் நின்று வாசிக்க ஒரு வழி தேவைப்பட்டதால்தான் இந்தப் போர்ட்டைத் தேடிப் போனேன்.

“அண்ணை, இது 10 கேவி ஐசொலேட்டட். ஹைசைட்டில போட்டிட்டு யூஎஸ்பியால லப்டொப்பில பாக்கலாம், ஒரு பயமும் இல்லை” என்றார் கடைக்காரத் தம்பி. பெட்டியிலும் அப்படியே அச்சடித்திருந்தது. கூடவே 0.1 மைக்ரோ அம்பியர் வரை காட்டும் என்றும் இருந்தது.

உயர் வோல்டேஜ் சாமானைத் திறந்து பார்க்காமல் நான் இணைப்பதில்லை. மூடியைக் கழற்றினேன். அளக்கிற ஐசியின் (சின்னச் சிப்பின்) மேல் இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அது வேறெதுவும் இல்லை, ஐஎன்ஏ219. ஒரு மைக்ரோ கொன்ட்ரோலரை மாட்டி அதன் ரெஜிஸ்டரை, அதாவது உள்ளே இருக்கும் நினைவு இடத்தை, வாசித்தால் ஹெக்ஸில் 399எஃப் என்று தன் தொடக்க மதிப்பைச் சொல்லிவிடுகிறது. நல்ல ஐசிதான், அதன் வேலை வேறு. அதற்குப் பக்கத்தில் ‘ஆர்100’ என்று எழுதிய ரெசிஸ்டர், அதாவது 0.1 ஓம். கரண்ட் அதனூடாகப் போகும்போது அதன் இரு முனைக்கும் நடுவே வரும் வோல்டேஜைத்தான் ஐசி அளக்கிறது. அந்த ஐசி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு 10 மைக்ரோ வோல்ட். 0.1 ஓமில் அது 100 மைக்ரோ அம்பியர். அதற்குக் கீழே அந்தப் போர்ட்டுக்கு ஒன்றுமே தெரியாது. அப்படியென்றால் திரையில் ஓடிய தசம எண்கள்? 9 வோல்ட் பற்றரியோடு 1 மெகாஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு 9 மைக்ரோ அம்பியர் விட்டுப் பார்த்தேன். திரை 3, 4 என்று ஆடியது. வயரைக் கழற்றினேன். அப்போதும் அதே ஆட்டம். இல்லாத அளவை மென்பொருளால் உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பொய் ஐசொலேஷன். உயர் வோல்டேஜ் பக்கத்துக்கு மின்சாரம் கொடுப்பது பி0505எஸ் என்ற சின்னக் கறுப்புக் கட்டி. அதன் தரவுத்தாளில் உள்ளது 1,500 வோல்ட், அதுவும் சற்று நேரச் சோதனைக்கு. நாள்முழுக்கத் தாங்குகிற அளவு அதைவிடக் குறைவு. கட்டியின் உள்ளீட்டுக் காலுக்கும் வெளியீட்டுக் காலுக்கும் நடுவே இருப்பது 2.54 மில்லிமீற்றர். ஈயப் பொட்டுகளைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு மில்லிமீற்றர் அளவுதான். உலர்ந்த சுத்தமான காற்றே மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்தான் தாங்கும். நம் வயல்கரை ஈரமும் தூசும் படிந்த போர்ட்டின் மேற்பரப்பு அதில் கால்வாசி தாங்கினாலே பெரிய விஷயம். 5,000 வோல்ட் அந்த இடைவெளியைத் தாண்டி, யூஎஸ்பி வயரில் ஏறி, லப்டொப்பைப் பிடித்திருப்பவரின் கைக்கு வரும். மைக்ரோவேவ் திருத்துகிற யாராவது இதை அந்த 2,000 வோல்ட் பக்கத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அங்கே ஆளைக் கொல்லும் அளவுக்குக் கரண்ட் இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோய் இதையெல்லாம் காட்டினேன். “லைட் எரியுதுதானே அண்ணை, சாமான் வேலை செய்யுது. நீங்கள் திறந்தபடியால் வறன்ரி இல்லை.” பில்லைப் பார்த்தால் ‘எலெக்ட்ரோனிக் போர்ட் – 1’ என்று மட்டும் இருக்கிறது. முதலாளியோடு கதைக்கவும் விடவில்லை. அதே போர்ட் பின்னால் தட்டில் இன்னும் அடுக்கியிருந்ததுதான் எனக்குக் கூடக் கோபம்.

இப்படிப்பட்ட சாமான் வாங்கத்தான் வேண்டும் என்றால் ‘டெஸ்ட் வோல்டேஜ்’ எவ்வளவு என்று கேட்காதீர்கள், தொடர்ந்து தாங்கும் ‘வேர்க்கிங் வோல்டேஜ்’ எவ்வளவு என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

மைக்ரோ அம்பியர் அளக்க இந்தப் போர்ட் தேவையே இல்லை. கம்பியோடு தொடராக 10 கிலோஓம் ரெசிஸ்டர், அதன் இரு முனையிலும் பற்றரியில் ஓடும் சாதாரண மல்டிமீற்றர், 200 மில்லிவோல்ட் நிலை. 10 மைக்ரோ அம்பியருக்கு 100 மில்லிவோல்ட் காட்டும். திடீரென்று ஸ்பார்க் அடித்தால் மீற்றர் போகாமலிருக்க ரெசிஸ்டருக்குக் குறுக்கே இரண்டு 1என்4007 டயோடுகளை எதிரெதிராகப் போடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, உயரமான உலர்ந்த பிவிசி குழாயின் மேல் நிறுத்துங்கள். நிலத்துக்கு வருகிற ஒரு வயர்கூட டப்பாவிலிருந்து வெளியே வரக்கூடாது. சப்ளை போடுவதற்கு முன்பே விலகிவிட வேண்டும். ஃபோன் கமராவில் ஸூம் பண்ணினால் எண் வடிவாகத் தெரியும். முடிந்ததும் சப்ளையை நிறுத்தி, ரெசிஸ்டர் கட்டிய தடியால் கம்பியை எர்த் பண்ணிய பிறகுதான் தொடலாம். வயர் முனைகள் கூராக நிற்காமல் மடக்கிவிடுங்கள். கூர்முனையிலிருந்து காற்றுக்குள் கசிகிறதும் கணக்கில் ஏறி, நல்ல இன்சுலேட்டரையும் கெட்டது போலக் காட்டும்.

முறைப்பாட்டை எழுத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களின் அழைப்பு இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், இதே போர்ட்டை வாங்கியவர்கள் பில்லையும் பெட்டியையும் எறியாமல் வைத்திருங்கள். என்னுடைய போர்ட்டின் உட்புறப் படங்கள் இருக்கின்றன. முறைப்பாட்டோடு இணைக்க வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.