வளாக வைஃபையில் மல்டிகாஸ்ட்: அடைப்பதா, மாற்றி அனுப்புவதா, வடிகட்டுவதா?

பெரிய வளாகத்தில் வைஃபை மந்தமானால் முதல் சந்தேகம் இணைய இணைப்பின் மேல்தான் விழும். பல நேரம் கோளாறு காற்றிலேயே இருக்கிறது. ஒரே தகவலைப் பல சாதனங்களுக்கு ஒருசேர அனுப்புவதுதான் மல்டிகாஸ்ட். அந்த மல்டிகாஸ்ட் ஃபிரேமை (தரவுத் துண்டை) ஏபி, அதாவது வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயிண்ட், வழக்கமாக எல்லோருக்கும் எட்டக்கூடிய குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் வராது, தொலைந்தால் மறுபடி அனுப்பவும் மாட்டாது. 1500 பைட் ஃபிரேம் ஒன்று 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போக 12 மில்லி வினாடி பிடிக்கும்; அதுவரை அந்தச் சேனலில் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். 24 எம்பிபிஎஸ் என்றால் அரை மில்லி வினாடியில் முடிந்துவிடும். அதனால் எந்த வழிக்குப் போனாலும் சரி, ஏபிக்கள் நெருக்கமாக இருக்கிற இடங்களில் பழைய குறைந்த வேகங்களை முதலில் அணைத்துவிடுங்கள்.

இருப்பதிலேயே எளிய வழி கிளையன்ட் ஐசொலேஷன். சாதனங்கள் ஒன்றோடொன்று பேசவே முடியாது என்பதால் ஒரு லேப்டாப்பில் புகுந்த வைரஸ் பக்கத்து லேப்டாப்புக்குத் தாவுவதும் கடினம். விருந்தினர் நெட்வொர்க்குக்கு இதுவே போதும். ஆனால் அது ஒரே ஏபிக்குள் மட்டும் தடுத்துவிட்டு, அடுத்த ஏபி வழியான பாதையைத் திறந்தே விட்டிருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் டோரன்ட்டை இது நிறுத்தாது. அந்தப் போக்குவரத்து பெரும்பாலும் இணையம் வழியாகப் போய்வருவது. அதற்கு ஆளுக்கு ஒரு வேக வரம்பு வைப்பதுதான் வழி.

மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக, அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிப் பிரதியாக, மாற்றுவது நேரலை வீடியோவுக்கு அருமையான வழி. 4 எம்பிபிஎஸ் வீடியோவை ஒரு ஏபியில் 10 பேர் பார்த்தால் 40 எம்பிபிஎஸ் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு பிரதியும் அந்தந்தச் சாதனத்தின் வேகத்தில் போகும். பார்ப்பவர்கள் நூறைத் தொட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

விடுதிகளுக்கு என் தேர்வு எம்டிஎன்எஸ் கேட்வே. பக்கத்தில் இருக்கும் சாதனங்களைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க உதவும் மல்டிகாஸ்ட் முறைதான் எம்டிஎன்எஸ். பிரிண்டரும் டிவியும் 224.0.0.251 என்ற முகவரியில் தங்களை அறிவிக்கின்றன. அது ரவுட்டரைத் தாண்டாது. கேட்பவர்கள் இருக்கும் பக்கம் மட்டும் மல்டிகாஸ்ட்டை அனுப்பும் சுவிட்ச் வசதியான ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கும் அதை வடிகட்டாது. கேட்வே அந்த அறிவிப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்பவரின் அறைக்கோ கணக்குக்கோ உரியதை மட்டும் பதிலாகத் தரும். இதை அமைக்கும்போது அடிக்கடி தவறும் இடம் ஒன்று: பட்டியலில் பிரிண்டர் தெரியும், ஆனால் அச்சாகாது. பெயரைக் காட்டுவது வேறு, இணைப்பை அனுமதிப்பது வேறு. ஐசொலேஷனிலோ ஃபயர்வாலிலோ அந்தச் சாதனங்களுக்கு இடையே தனியாக வழிவிட வேண்டும்.

இதையெல்லாம் விட்டு மல்டிகாஸ்ட்டை மொத்தமாக மூடிவிடலாமே என்று தோன்றும். ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) இருக்கிற நெட்வொர்க்கில் அது வேண்டவே வேண்டாம். பக்கத்துச் சாதனத்தைத் தேடுவதும், ரவுட்டர் தன்னை அறிவிப்பதும் அதில் மல்டிகாஸ்ட்டில்தான் நடக்கின்றன. தேடல்களுக்கு ஏபியே பதில் சொல்லும்படி ப்ராக்ஸி வையுங்கள், ரவுட்டர் அறிவிப்புகளைக் கிளையன்ட்டுகளுக்கு யூனிகாஸ்ட்டில் அனுப்புங்கள்.